வீட்டுக்குள் ஒரு கொட்டகை – 14: நான்கு மௌன ராகங்கள்

போன வாரம் சர்வரை டிவியோடு இணைத்து முடித்தாயிற்று. விட்டுப் போனவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். பாட்டு ஆல்பங்கள் ஏன் பன்னிரண்டு துண்டாகச் சிதறுகின்றன என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் கிளியனூரிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

“ஏம்பா, ஒரே படத்த நாலு வாட்டி காட்டுது. மூணை அழிச்சிடட்டா?”

“எதையும் தொடாதீங்க சித்தப்பா, நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டு திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்தேன். அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. சர்வரில் படங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஜெல்லிஃபின் நிரலில் ஒரு படத்தை ‘அழி’ என்றால், பட்டியலில் இருக்கும் போஸ்டர் மட்டும் போகாது, டிஸ்க்கில் இருக்கும் ஃபைலே போய்விடும். அதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு. டிஸ்க் முழுவதையும் ஒரு லைப்ரரியாகவும், அதற்குள்ளிருக்கும் ‘படங்கள்’ ஃபோல்டரை இன்னொரு லைப்ரரியாகவும் சேர்த்திருந்தால், இருக்கிற ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் தெரியும். கூடுதலாகத் தெரிகிறதே என்று ஒன்றை அழித்தால் இரண்டும் சேர்ந்து காணாமல் போகும். ஆகவே இரட்டைப் பதிவு கண்ணில் பட்டதும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஃபைலின் பாதை. படத்தின் விவரப் பக்கத்தில் மீடியா தகவலைத் திறந்தால் பாதை முழுசாக இருக்கும். இரண்டு போஸ்டருக்கும் ஒரே பாதை என்றால் லைப்ரரி அமைப்பில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. பாதை வேறு வேறு என்றால்தான் வேலை இருக்கிறது.

சித்தப்பா வீட்டில் பாதை நான்கும் வேறு. படம் 1986இல் வந்த ‘மௌன ராகம்’. நான்கு போஸ்டரிலும் அதே ரேவதி, அதே மோகன். நான்கில் இரண்டு தலைப்புகள் கண்ணுக்கு அச்சு அசல் ஒன்று. மூன்றாவதும் அப்படித்தான் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் ஒரு மயிரிழை வித்தியாசம். நான்காவது மட்டும் வெளிப்படையாக ‘மவுன ராகம்’.

டெர்மினலைத் திறந்து நான்கு பெயர்களும் எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னேன். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், இடைவெளி 1 பைட். முதல் ‘மௌன ராகம்’ 25 பைட். மற்ற மூன்றும் தலைக்கு 28. மூன்றும் 28 என்றாலும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் சந்தோஷப்படுத்தியது இந்த 28தான். பாட்டு ஆல்பங்கள் காத்திருக்கட்டும்.

முதலில் 25 பைட் பெயர். ம, பிறகு ஔகாரக் குறி, பிறகு ன. யூனிகோடில் ஔகாரத்துக்கு ஒரே குறி இருக்கிறது. திரையில் அது எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் வாலுமாக இரண்டாகப் பிரிந்து நின்றாலும், கணினிக்குள் ஒற்றைக் குறிதான். சித்தப்பா தன்னிடமிருந்த டிவிடியிலிருந்து எடுத்தபோது வைத்த பெயர் இது.

இரண்டாவது பெயரில் அதே ஔகாரம் இரண்டு குறிகளாக உடைந்திருக்கிறது. முன்னால் போடும் ஒற்றைக் கொம்பு தனி, பின்னால் வரும் வால் தனி. அந்த வாலுக்கென்றே யூனிகோடில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், ‘ஔகார நீட்சிக் குறி’ என்று. தமிழ் எழுதுகிற யாரும் அதைத் தனியாக அடிப்பதில்லை. முழுக்குறியும் உடைந்த குறிகளும் ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. சேர்த்து எழுதும் முறைக்கு என்எஃப்சி, பிரித்து எழுதும் முறைக்கு என்எஃப்டி என்று பெயர். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் லினக்ஸின் ஃபைல் சிஸ்டம் பெயரை எழுத்தாகப் படிப்பதில்லை, பைட் வரிசையாக மட்டும் பார்க்கிறது. அதன் கணக்கில் இவை இரண்டு பெயர்.

யார் உடைத்தது? சித்தப்பா பையன் தன் பழைய மேக்புக்கில் மொத்த டிஸ்க்கையும் பேக்கப் எடுத்து வைத்திருந்தான். 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டம், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. பையனுடைய மேக் அதற்கு முந்தையது. பொங்கலுக்கு வந்தவன், விட்டுப்போன படங்கள் ஏதும் இருந்தால் வரட்டும் என்று ஆர்சிங்க் என்ற காப்பி நிரலைப் போட்டு மேக்கிலிருந்து சர்வருக்குத் திருப்பி அனுப்பினான். ஆர்சிங்க் பெயரை வைத்து ஒப்பிடும். மேக் சொன்ன 28 பைட் பெயர் சர்வரில் இல்லை, ஆகவே இது புதுப் படம் என்று முழுசாகக் காப்பி செய்துவிட்டது. இரண்டு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ 256 என்ற கைரேகைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை ஒன்று. தன் வீட்டுப் படமே வேறு பெயரில் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அப்படியென்றால் எல்லாப் படமும் இரட்டித்திருக்க வேண்டுமே என்று கேட்டார் சித்தப்பா. சரியான கேள்வி. ‘நாயகன்’ ஒன்றுதான் இருந்தது, ‘தேவர் மகன்’ ஒன்றுதான். ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு, ‘கோ’ இரண்டு. காரணம் இதுதான்: தமிழில் இப்படி உடையக்கூடிய குறிகள் மொத்தமே நான்கு. ஔ என்ற எழுத்து, ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி. பெயரில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும் படங்கள் மட்டுமே இரட்டிக்கும். உங்கள் வீட்டில் இரட்டித்திருக்கும் படங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒ, ஓ, ஔ ஓசை ஏறிய எழுத்து ஒன்று இருந்தால், எங்கோ ஒரு பழைய மேக் வழியாக அவை போய் வந்திருக்கின்றன என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

மூன்றாவது பெயர் சித்தியின் கை. அதிலும் 28 பைட், ஆனால் வாலுக்குப் பதிலாக ள. ‘மெளன ராகம்’ என்று, ‘மெ’ போட்டு ‘ள’ போட்டு எழுதியிருக்கிறார். சித்தி கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் படித்தவர், தமிழில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். தமிழ் டைப்ரைட்டரில் ஔகாரத்தின் வாலுக்கென்று தனிச் சாவி கிடையாது. வாலும் ளகரமும் ஒரே உருவம், எனவே ளகரச் சாவியே இரண்டுக்கும் போதும். கொம்பு, மகரம், ளகரம் என்று மூன்று தட்டு தட்டினால் காகிதத்தில் ‘மௌ’ விழும், படிக்கிறவர் சரியாகப் படித்துக்கொள்வார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஈய அச்சிலும் டைப்ரைட்டரிலும் இந்தச் சிக்கனத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சித்தி கீபோர்டில் கை வைத்தால் இன்றைக்கும் அதே மூன்று தட்டுதான், என்ன வேகம்! அந்த விரல்களுக்குப் பழக்கமானதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வராது. டைப்ரைட்டர் பழகிய ஒரு தலைமுறையின் கை இப்படித்தான் எழுதும், இணையத்தில் இருக்கும் தமிழில் பாதி ஔகாரங்களாவது இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுமானம். ‘ஔவையார்’ படத்தை, 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து ஜெமினி எடுத்த அந்தப் படத்தை, தேடிப் பாருங்கள். ஒ போட்டு ள போட்ட ‘ஒளவையார்’ கட்டாயம் வந்து நிற்பார்.

நான்காவது ‘மவுன ராகம்’ சித்தப்பாவே எழுதியது. தினத்தந்தி படிக்கிறவர், அதில் மவுனம், கவுரவம் என்றுதான் வரும். ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்பது பெரியாரின் யோசனை. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது ணை, லை, றா போன்றவற்றை ஏற்றது, அய்யையும் அவ்வையும் ஏற்கவில்லை. ஆனாலும் அச்சில் அந்த வழக்கம் நின்றுவிட்டது. ம, வ, உகரக் குறி, ன என்று எண்ணினால் இதுவும் 28. ஒரு மேக், ஒரு டைப்ரைட்டர், ஒரு பத்திரிகை. மூன்று தனி வரலாறுகள் ஒரே எடைக்கு வந்து நிற்கின்றன.

இனி சரிசெய்வது. வரிசை முக்கியம்.

முதலில் உடைந்த பெயர்கள். எஸ்எச்ஏ ஒன்றாக இருக்கும் ஜோடிகளில் உடைந்த பெயருள்ளதை டிஸ்க்கிலிருந்தே எடுத்துவிடலாம். ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் உடைந்த பெயர்களுக்கு ‘கன்வ்எம்வி’ என்ற சின்ன நிரல் இருக்கிறது. யூனிகோடிலிருந்து யூனிகோடுக்கு, என்எஃப்சி வடிவில், உள்ஃபோல்டர்கள் உட்பட என்று சொன்னால் ஒரு டிஸ்க்கைச் சில நொடியில் முடித்துவிடும். இதன் நல்ல குணம், முதல் தடவை எதையும் மாற்றாது, எதை எப்படி மாற்றப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். ‘சோதனை வேண்டாம்’ என்று தனியாகச் சொன்னால்தான் கை வைக்கும். அந்தப் பட்டியலை முழுசாகப் படியுங்கள். அடுத்த முறை மேக்கிலிருந்து அனுப்பும்போது ஆர்சிங்க்கிலேயே எழுத்தை மாற்றும் விருப்பத்தேர்வைப் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன். அது ஆர்சிங்க் 3ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

ளகரப் பெயர்களை அந்த நிரல் தொடாது, தொடவும் கூடாது. வாலும் ளகரமும் யூனிகோடின் பார்வையில் சமமே இல்லை. ‘கொம்பும் ளகரமும் வந்தால் ஔகாரமாக்கு’ என்று மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளை ரோஜா’ பாழாகும். ‘ஒள’ என்பதை எல்லாம் ஔ ஆக்கினால் எம்.ஜி.ஆரின் 100ஆவது படமான ‘ஒளிவிளக்கு’ போய்விடும். ளகரத்துக்கு மேல் புள்ளியோ பக்கத்தில் வேறு குறியோ இருந்தால் அது நிஜமான ள. மொட்டையாக நின்றால் சந்தேகப்படலாம். கண்ணால் பார்த்து, கையால்தான் திருத்த வேண்டும். சித்தியே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார்.

பிறகு பதிப்புகள். சித்தி வைத்தது வேறு பிரதி, கொஞ்சம் நல்ல பிரிண்ட், எனவே அழிக்கக் கூடாது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை ஜெல்லிஃபின் ஒரே போஸ்டருக்குள் அடக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். இரண்டு ஃபைல் பெயர்களும் அந்த ஃபோல்டரின் பெயராலேயே அட்சரம் பிசகாமல் தொடங்க வேண்டும். அதன்பின் இடைவெளி, கோடு, இடைவெளி போட்டு ‘1080பி’ என்றோ ‘டிவிடி’ என்றோ எழுதலாம். ஃபோல்டர் 25 பைட், ஃபைல் 28 பைட் என்றால் கண்ணுக்கு எத்தனை சரியாகத் தெரிந்தாலும் சேராது. ஜெல்லிஃபின் போன்ற இன்னொரு நிரலான பிளெக்ஸ் வேறு மாதிரி. ஒரே லைப்ரரியில் இரண்டும் ஒரே படம் என்று அடையாளம் கண்டுவிட்டால் தானே சேர்த்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. ‘கௌரவம்’ 1973இலும் உண்டு, 2013இலும் உண்டு. இவை இரட்டையல்ல, தனித்தனிப் படங்கள். ஃபோல்டர் பெயரோடு அடைப்புக்குள் ஆண்டு போடுங்கள், முடிந்தால் திரைப்படத் தகவல் தளமான டிஎம்டிபி அந்தப் படத்துக்குத் தரும் எண்ணையும் போடுங்கள். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் எண் ஒன்றுதான்.

கிளியனூரிலேயே இந்த இரண்டு சிக்கலும் இருக்கின்றன. வானூர் வட்டத்துக் கிளியனூர் சிவன் கோயில் தேவாரப் பட்டியலில் ‘திருக்கிளியன்னவூர்’. பாடல் பெற்ற தலங்கள் 274 என்பது பழைய கணக்கு. பின்னால் கிடைத்த சம்பந்தர் பதிகங்களால் திருவிடைவாயும் இந்த ஊரும் சேர்ந்து 276 என்று ஆனது. தலப் பட்டியலையும் வருவாய்க் கிராமப் பட்டியலையும் ஒரு கணினியிடம் கொடுத்தால் ஒரே ஊரை இரண்டாக எண்ணும். மயிலாடுதுறைப் பக்கம் இன்னொரு கிளியனூர் இருக்கிறது. மாவட்டத்தைச் சொல்லாவிட்டால் இரண்டு ஊரையும் ஒன்றாக்கிவிடும்.

இத்தனை தொல்லை எதற்கு, பெயரை இங்கிலீஷில் வைத்துவிட்டால் போச்சே என்று போன மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். இந்தத் தொடர் முழுக்க நான் மறுத்துவருவது அதைத்தான். ‘மௌன ராகம்’ என்பதை இங்கிலீஷ் எழுத்தில் எழுத உட்காருங்கள், நான்கோடு நிற்காது. ‘மௌ’ ஒன்றையே ஆளுக்கொரு விதமாக எழுதுவோம். அவற்றை ஒன்றாக்க எந்த விதியும் கிடையாது. தமிழில் உடைந்தவற்றை ஒட்டவாவது ஒரு விதி இருக்கிறது. சித்தியால் டிவியில் தன் மொழியில் படித்துத் தேட முடிகிறது என்பதற்காக இந்த ஒரு நாள் வேலையை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்வேன்.

தீராமல் நிற்பது ‘ஸ்ரீ வள்ளி’. 1945இல் ஒன்று, 1961இல் சிவாஜி நடித்தது ஒன்று, அது சரி. ஆனால் ‘ஸ்ரீ’யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த வடமொழி ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் விதிப்படி சமமில்லை, என்எஃப்சியும் ஒட்டாது. கீபோர்டுக்குக் கீபோர்டு மாறுகிறது. சித்தப்பாவின் போன் ஒன்றை அடிக்கிறது, சித்தியின் லேப்டாப் இன்னொன்றை அடிக்கிறது. எந்த ‘ஸ்ரீ’யை வைத்துக்கொள்வது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இதழ் அச்சுக்குப் போகும் நேரம். பாட்டு ஆல்பங்கள் அடுத்த வாரம். பாடகர் பெயரும் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டமும் எங்கே பிரிகின்றன, இளையராஜாவின் ஒரே படத்துப் பாடல்கள் எஸ்.பி.பி. ஆல்பம், ஜானகி ஆல்பம் என்று ஏன் பிரிந்து கிடக்கின்றன என்று பார்ப்போம். அதற்குள் உங்கள் பாட்டு ஃபோல்டரில் இளையராஜா பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து வையுங்கள், அது தேவைப்படும்.