ஃப்ரீயா குடுத்த கேம், காசு கேட்கப் போற கேம்

வியாழக்கிழமை ராத்திரி ஆனா நம்ம ஹாஸ்டல் வைஃபை திணறும். காரணம் உங்களுக்கே தெரியும். எபிக் கேம்ஸ் ஸ்டோர்ல அந்த வாரத்து ஃப்ரீ கேம் மாறுற நேரம் அது. விளையாடுறோமோ இல்லையோ, பட்டனை அமுக்கி லைப்ரரியில போட்டு வச்சுடுவோம். என் லைப்ரரியில நூறு கேமுக்கு மேல கிடக்கு. திறந்து பார்த்தது பத்து இருந்தா அதிகம். (இந்தப் பத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில ஒரு கணக்குக்கு வேணும்.) 2020 மே மாசம் ஜிடிஏ 5-ஐ சும்மா குடுத்தப்போ வந்த கூட்டத்துல அந்த ஸ்டோரே மணிக்கணக்குல படுத்துடுச்சு.

சும்மா குடுத்தா கேம் செஞ்சவனுக்கு என்ன கிடைக்கும்? எபிக் விஷயத்துல பதில் சுலபம். எபிக்கே காசு குடுத்துடும். ஆப்பிளோட நடந்த வழக்குல 2021-ல வெளியான ஆவணங்கள்படி, 2018 டிசம்பர்ல இருந்து 2019 செப்டம்பர் வரைக்கும் ஃப்ரீ கேம்களுக்காக எபிக் செலவழிச்சது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். சப்னாட்டிகா ஒரு கேமுக்கு மட்டும் 14 லட்சம் டாலர். நாம "ஓசி"ன்னு நினைச்சது உண்மையில ஒரு பெரிய கம்பெனி கஸ்டமர் பிடிக்கப் போட்ட தூண்டில்.

யாருமே காசு குடுக்காம, கேம் செஞ்சவனே தன் பழைய கேமைச் சும்மா விடுற பழக்கமும் ஒண்ணு இருக்கு. அடுத்த பாகத்தை எடுக்கக் கையில காசு இல்ல. அதுக்கு ஜனங்ககிட்டயே முன்பணம் கேட்கணும். அதுக்கு முன்னால பழசை ஃப்ரீயா விடுறது. எங்க டீமுக்கு இப்போ இதுதான் தலைவலி, அதனாலதான் இதைப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

கிக்ஸ்டார்ட்டர் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. "இவ்வளவு காசு வேணும், இத்தனை நாளுக்குள்ள"ன்னு ஒரு இலக்கு வைப்பாங்க. இலக்கைத் தொட்டா காசு கைக்கு வரும். அதுல 5 சதவீதம் தளத்துக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஒரு ரூபாய் குறைஞ்சாலும் மொத்தமும் போட்டவங்க கிட்டயே நின்னுடும். கேட்கறவன் கையில பொருள் கிடையாது. ஒரு வீடியோ, சில படங்கள், நிறைய வாக்குறுதி, அவ்வளவுதான். காசு போடறவன் நம்பித்தான் போடணும்.

இங்கதான் பழைய கேமுக்கு வேலை. கார்மகெடான் கதையைப் பாருங்க. 1997-ல வந்த கார் கேம் அது. ரத்தக்களரியா இருக்கும், வீட்ல அம்மா பார்த்தா கம்ப்யூட்டரை மூடிடுவாங்க. அதைச் செஞ்ச இங்கிலாந்தோட ஸ்டெய்ன்லெஸ் கேம்ஸ் கையில பல வருஷம் அந்தப் பெயரோட உரிமையே இல்ல. 2011-ல அதைத் திரும்ப வாங்கினாங்க. 2012-ல புது பாகத்துக்காக கிக்ஸ்டார்ட்டர்ல 4 லட்சம் டாலர் கேட்டு, 6 லட்சத்துக்கு மேல வசூல் பண்ணாங்க. அதே வருஷம் அக்டோபர்ல பழைய கார்மகெடானை ஐபோனுக்கு மாத்தி வெளியிட்டப்போ, முதல் ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் ஃப்ரீ. அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டுலயும் அதே மாதிரி ஒரு நாள்.

வசூல் முடிஞ்சப்புறம் ஏன் ஃப்ரீ? எனக்கும் முதல்ல புரியல. புது பாகம் முழுசா வந்தது 2015-ல. காசு வாங்கினதுக்கும் பொருள் வந்ததுக்கும் நடுவுல மூணு வருஷம் இருக்கே, அதை யோசிச்சப்போ புரிஞ்சது. அத்தனை நாள் பெயர் ஜனங்க வாயில இருக்கணும். 1997-ல பொறக்காத பசங்களும் "அது என்ன கேம்டா"ன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். ஒரே ஒரு நாள்னு வச்சதும் சாமர்த்தியம்தான். எப்பவும் ஃப்ரீன்னா "அப்புறம் பார்க்கலாம்"னு விட்டுடுவோம். இன்னிக்கு மட்டும்னா ஆளாளுக்கு ஃபார்வர்ட் பண்ணுவோம். ஒண்ணையும் மறைக்கக் கூடாது: அவ்வளவு எதிர்பார்ப்போட வந்த புது பாகம், வந்த புதுசுல பல பேர் கம்ப்யூட்டர்ல ஓடாம திணறிச்சு, திட்டும் வாங்கிச்சு. ஃப்ரீ கேம் கூட்டத்தைக் கூட்டும். கூடின கூட்டம் அடுத்து என்ன காட்டப் போறேன்னு பார்த்துக்கிட்டேதான் இருக்கும்.

முன்னாடியே ஃப்ரீயா விட்டு ஜெயிச்சவங்களும் இருக்காங்க. ஃப்ரைடே நைட் ஃபங்கின் உங்கள்ல பாதிப் பேர் விளையாடியிருப்பீங்க. 2020 அக்டோபர்ல லூடம் டேர்ங்கிற கேம் ஜாம்ல சில நாள்ல செஞ்ச சின்ன மியூசிக் கேம். பிரவுசர்லயே ஓடும், காசு கிடையாது, கோடையும் திறந்து விட்டுட்டாங்க. ஆளாளுக்கு மோட் செஞ்சாங்க, யூடியூப் முழுக்க அதுதான். 2021 ஏப்ரல்ல முழு கேமுக்காக 60,000 டாலர் கேட்டாங்க. வந்தது 22 லட்சம் டாலருக்கு மேல. போட்டவங்க 58,000 பேருக்கு மேல. வகுத்துப் பாருங்க, ஆளுக்கு 38 டாலர் மாதிரி வரும். ஃப்ரீயா விளையாடினவன் 38 டாலர் எடுத்து வைக்கிறான்! ஆனா 2025 பொறந்தப்பவும் அந்த முழு கேம் வந்து சேரல. காசு போட்டவங்க காத்துக்கிட்டுதான் இருந்தாங்க.

அண்டர்டேல் இன்னும் சின்னக் கணக்கு. 2013-ல டோபி ஃபாக்ஸ் கேமோட ஆரம்பப் பகுதியை டெமோவா சும்மா குடுத்துட்டு 5,000 டாலர் கேட்டார். 51,000 டாலர் வந்தது. டெமோவை விளையாடினவனுக்கு "இவன் முடிப்பான்"னு தோணியிருக்கும். அவரும் 2015-ல முடிச்சுக் காட்டினார்.

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து சமாச்சாரம்னு ஒதுக்க வேண்டாம். நம்ம மதுராந்தகம், செய்யூர் பக்கக் கிராமங்கள்ல தெருக்கூத்து வச்சா எப்படி நடக்கும்? வீட்டுக்கு இவ்வளவுன்னு ஊர்ல வரி வசூலிப்பாங்க. கூத்துக்கு டிக்கெட் கிடையாது. வரி குடுத்தவன், குடுக்காதவன், பக்கத்து ஊர்க்காரன், எல்லாரும் பாயைப் போட்டு விடிய விடியப் பார்க்கலாம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர் காலையில எழுந்து துண்டை உதறிக்கிட்டே, "அடுத்த வருஷம் நம்ம ஊருக்கு இந்த ஜமாவையே கூப்பிடணும்"னு சொல்லுவார். அங்கேயே வாத்தியார்கிட்ட பேசி அட்வான்ஸ் குடுத்துடுவாங்க. இன்னும் ஆடாத கூத்துக்கு முன்பணம்! நம்பிக்கை எங்க இருந்து வந்தது? ராத்திரி முழுக்கச் சும்மா பார்த்தாரே, அதுல இருந்து. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஓசியில பார்த்த ஆயிரம் பேரும் காசு குடுக்கல. ஒரு பெரியவர் போதும், அவர் விடியற வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்கணும்.

இந்தியாவுக்கு வருவோம். புனேவோட நாடிங் ஹெட் கேம்ஸ் செஞ்ச "ராஜி" தெரியும்தானே? தம்பியைத் தேடிப் போற பொண்ணு, கோட்டைகள், அசுரர்கள். 2017 கடைசியில கிக்ஸ்டார்ட்டருக்குப் போனாங்க, விளையாடிப் பார்க்க டெமோவும் விட்டாங்க. டெமோ அழகா இருந்தது. ஆனாலும் இலக்கைத் தொட முடியல, அதனால ஒரு டாலரும் கைக்கு வரல. நிறுவனர்கள்ல ஒருத்தர் தன் ஃபிளாட்டை வித்துத்தான் வேலையை நிறுத்தாம ஓட்டினார். அப்புறம் முதலீடு கிடைச்சு, 2020 ஆகஸ்ட்ல நின்டெண்டோ ஸ்விட்ச்ல கேம் வந்தது. அந்த வருஷ கேம் அவார்ட்ஸ்ல சிறந்த அறிமுக கேம் பிரிவுல பரிந்துரையும் ஆச்சு.

அத்தனை தரமான கேமுக்கு ஏன் காசு சேரல? என் கணிப்பு இது. அது அவங்க ஸ்டுடியோவோட முதல் கேம். டெமோ "இவங்களுக்கு வேலை தெரியும்"னு காட்டும். "இவங்க முடிப்பாங்க"ன்னு காட்ட ஏற்கெனவே முடிச்ச கேம் ஒண்ணு வேணும். இப்போ அவங்க கையில அது இருக்கு, "ராஜி: கலியுகா"ன்னு அடுத்ததையும் அறிவிச்சுட்டாங்க. நம்ம நாட்டு பைரோடாக்டில் டீம் 2013-ல "அன்ரெஸ்ட்"ங்கிற பழங்கால இந்தியக் கதைக்கு 3,000 டாலர்தான் கேட்டாங்க. 36,000-க்கு மேல வந்தது, 2014-ல கேமும் வந்தது. அவங்க அதுக்கு முன்னாலேயே சின்னச் சின்ன கேம்களை முடிச்சு வெளியிட்டவங்க. கேட்டதும் அடக்கமான தொகை.

இன்னொரு சிக்கல், நம்ம ஊர்ப் பசங்களுக்குத் தெரியாதது: கிக்ஸ்டார்ட்டர்ல வசூல் ஆரம்பிக்கலாம்னு அனுமதிச்ச நாடுகள் பட்டியல்ல இந்தியா கிடையாது. வெளிநாட்டுல இருக்கிற யாராவது கூட்டாளியா இருந்தாத்தான் முடியும். இல்லேன்னா நம்ம நாட்டுத் தளங்கள், இல்ல நேரா கேட்கறது. கன்னடத்துல பவன் குமார் "லூசியா" படத்துக்கு நேரா ஜனங்ககிட்ட கேட்டுத்தான் 50 லட்சத்துக்கு மேல சேர்த்தார், 2013-ல படம் வந்தது. பதிலுக்குக் கேம் தர்றேன், பேரைப் போடுறேன்னு சொல்லலாம். "லாபத்துல பங்கு தர்றேன்"னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. அது செபி சட்டத்துக்குள்ள போயிடும், நம்மளால தாங்க முடியாது.

இப்போ எங்க கதை. நாங்க நாலு பேர், மூணாவது வருஷம் லீவுல ஒரு சின்ன கேம் செஞ்சோம். வேடந்தாங்கல் நாரை ஒண்ணு ஏரி ஏரியா பறந்து மீன் பிடிச்சு கூட்டுக்குத் திரும்பணும். படாளம் கூட்ரோட்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது மேல பறக்கறதைப் பார்த்து வந்த யோசனை. இட்ச்ல ஒரு டாலர் விலை வச்சோம். பதினோரு பேர் வாங்கினாங்க, அதுல ரெண்டு பேர் என் சித்தப்பா பசங்க. அப்புறம் வெறுத்துப்போய் ஒரு வாரம் ஃப்ரீயா விட்டோம். நிறைய பேர் எடுத்தாங்க. சந்தோஷத்துல பரோட்டா எல்லாம் சாப்பிட்டோம். ஆனா கேம் முடிஞ்சா "நன்றி"ன்னு ஒரு ஸ்க்ரீன், அப்படியே மெனு. எடுத்தவங்க யாரு, பிடிச்சுதா, அடுத்தது வேணுமா, ஒண்ணும் தெரியாது. கூத்து பார்த்த பெரியவர் எழுந்து வந்தப்போ அட்வான்ஸ் வாங்க ஜமாவுல ஆளே இல்லாத மாதிரி.

இப்போ ரெண்டாவது பாகம், மதுராந்தகம் ஏரி முழுக்க. ஸ்டீம்ல போட 100 டாலர் கட்டணம் கட்டணும். பழசைத் திரும்ப ஃப்ரீயா விட்டு, புதுசுக்கு முன்பணம் கேட்கலாம்னு ரெண்டு பேர். காசு குடுத்து வாங்கின பதினோரு பேருக்கு என்ன பதில்னு ரெண்டு பேர். (அவங்களுக்கு ரெண்டாவது பாகம் சும்மா. இது மட்டும் சண்டையில்லாம முடிவாச்சு.)

நான் போட்ட கணக்கு இது, வெறும் அனுமானம்தான். 10,000 பேர் எடுத்தா, என்னை மாதிரி பத்துல ஒருத்தன் திறப்பான்: 1,000. அதுல அஞ்சுல ஒருத்தன் முடிப்பான்: 200. முடிச்சவங்கள்ல பத்துல ஒருத்தன் 500 ரூபாய் குடுப்பான்: 20 பேர், 10,000 ரூபாய். ஸ்டீம் கட்டணத்துக்கு மேல கொஞ்சம் மிஞ்சும். பத்தாயிரத்தை இருபதாயிரம் ஆக்கறது எங்க கையில இல்ல. முடிக்கிறவங்களை அஞ்சுல ஒண்ணுல இருந்து அஞ்சுல மூணு ஆக்கறது எங்க கையில இருக்கு. நாலாவது ஏரியில ஒரு பருந்து வரும், அங்கதான் பாதிப் பேர் கோவத்துல மூடிட்டுப் போறாங்கன்னு நண்பர்களை உட்கார வச்சுப் பார்த்ததுல தெரிஞ்சது. அந்தப் பருந்தோட வேகத்தைக் குறைக்கிற வேலை இந்த வாரம் நடக்குது.

மே மாசம் முடிஞ்சா ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் ஒரகடம், மத்த ரெண்டு பேருக்கு இன்னும் ஆஃபர் வரல. அதுக்குள்ள கேட்டாத்தான் உண்டு. பொங்கல் லீவுல, வேடந்தாங்கல் சீசன் நடக்கும்போதே, மூணு நாள் மட்டும் ஃப்ரீ. கடைசி நாரை கூட்டுல இறங்கினதும் அடுத்த பாகத்தோட ஏரி பத்து செகண்ட் தெரியும், கீழே ஒரு யூபிஐ க்யூஆர். அதுக்கு மேல என்ன வாசகம் எழுதறதுன்னுதான் நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சண்டை. இன்னும் முடியல.