கரும்புக் காட்டில் பிறந்த உறவு

தீபாவளி இந்துவுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்தவனுக்கு என்று பண்டிகைகளைப் பங்கு பிரிக்கும் வாய்கள் நாட்டில் பெருகி வருகின்றன. அண்டை வீட்டுப் பலகாரத்தைத் தொடாதே என்கிறார்கள். அவன் விழாவுக்கு வாழ்த்துக் கூறாதே என்கிறார்கள். இந்த உபதேசிகளை மேற்கிந்தியத் தீவான டிரினிடாட்டுக்கு ஒருமுறை கப்பலேற்றி அனுப்ப வேண்டும். அங்கே கூலிகளாகப் போன நம்மவர்கள் இவர்களுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மையால் அல்ல, வியர்வையால்!

1834-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அடிமை முறையை ஒழித்தது. 1838-ல் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்டத் துரைமார்களுக்கு மலிவான கைகள் வேண்டியிருந்தன. 1845 மே 30 அன்று முதல் கப்பல் இந்தியத் தொழிலாளரை அந்தக் கரையில் இறக்கியது. 1917 வரை போனவர்கள் 1,40,000-க்கும் மேல். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை!

அங்கே முன்பே இருந்தவர்கள், விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய கூலி உயராமல் இருக்கவே இந்தியக் கூலியை இறக்கினார்கள் துரைமார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் பகைக்க வேண்டும் என்பதே முதலாளியின் கணக்கு. பகையும் இருந்தது. ஆனால் கணக்கு முழுவதும் பலிக்கவில்லை.

தீவின் தெற்கே சிபாரியா என்ற ஊர். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் கறுத்த நிறத்தில் ஒரு மாதா சிலை உண்டு. கரும்பு வெட்டிய இந்துக்கள் அந்த மாதாவைத் தங்கள் தாயாகவே கண்டார்கள். 'சிபாரி மாயி' என்று பெயரும் இட்டார்கள். ஆண்டுதோறும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி நாட்களில் அரிசியும் எண்ணெயும் பூவும் கொண்டு வந்து படைக்கிறார்கள். குழந்தைக்கு முதல் முடி எடுக்கிறார்கள். நம் வேளாங்கண்ணியை அறிந்தவர்களுக்கு இது புதுமை அல்ல. ஏழையின் பக்திக்கு வேலி போட யாராலும் முடிந்ததில்லை.

தீபாவளி இரவில் மூங்கிலைப் பிளந்து வளைத்து, அதன்மேல் வரிசையாக அகல் விளக்கு ஏற்றுகிறார்கள். மூங்கில் வளைக்கவும் விளக்கு ஏற்றவும் கிறிஸ்தவ நண்பர்களும் வருகிறார்கள். ரொட்டியும் பூசணிக் கறியும் மாங்காய்க் கறியும் இலையில் பரிமாறப்படுகின்றன. டிசம்பர் வந்தால் இந்து வீடுகளிலும் சுவருக்கு வண்ணம், ஜன்னலுக்குப் புதுத் திரை! ரம்மில் ஊறிய பழங்கள் போட்ட கறுப்புக் கேக்கும், சோளமாவில் கறி வைத்து வாழையிலையில் கட்டி வேகவைத்த 'பாஸ்டெல்' என்ற பண்டமும் வீடு விட்டு வீடு போகின்றன.

இதைக் கண்டு, 'ஆகா, என்ன சகிப்புத்தன்மை!' என்று கனவான்கள் பாராட்டுவார்கள். நாம் அதோடு நிற்கக் கூடாது. பலகாரம் பரிமாறிக்கொண்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடுமா?

இந்து முறையில் நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்க 1940-களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறை தவறிப் பிறந்தவர்கள்! சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947-ல் வாட்டர்லூ கடற்கரையில் கோயில் கட்டத் தொடங்கினார். நிலம் கம்பெனியுடையது என்று கூறி அதை இடித்தார்கள். அவரைச் சிறையிலும் தள்ளினார்கள். அவர் என்ன செய்தார்? 'நிலம் உங்களுடையது, கடல் யாருடையது?' என்று கேட்பதுபோல், கல்லும் மண்ணும் சுமந்து போய்க் கடலுக்குள்ளேயே கோயில் எழுப்பினார். தீவு 1962-ல் சுதந்திரம் பெற்றது. 1966-ல்தான் தீபாவளி பொது விடுமுறை ஆயிற்று. 2011 கணக்குப்படி அங்கே இந்துக்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். ஆயினும் அந்த நாள் தேசம் முழுவதற்கும் விடுமுறை. அது உரிமை; தயவு அல்ல!

அந்த உரிமைக்கு உரமிட்டது எது? பொது உழைப்பும் பொதுப் போராட்டமும்தான். 1975 மார்ச் 18 அன்று எண்ணெய்த் தொழிலாளர், கரும்புத் தொழிலாளர், கரும்பு விவசாயிகள் ஆகியோரின் சங்கங்கள் ஒன்றுகூடி, ரொட்டியும் அமைதியும் நீதியும் கேட்டு சான் பெர்னாண்டோவிலிருந்து பிரார்த்தனை ஊர்வலமாகப் புறப்பட்டன. முன்னணியில் நின்ற தலைவர்கள் யார்? ஜார்ஜ் வீக்ஸ், பாஸ்தேவ் பாண்டே, ரபீக் ஷா. பெயர்களைப் பாருங்கள்! போலீசின் கண்ணீர்ப்புகையும் தடியும் மதம் கேட்டா பாய்ந்தன? மூவர் தோள்களிலும் ஒன்றாகவே விழுந்தன.

குறையே இல்லாத நாடா அது? இல்லை. தேர்தல் வந்தால் இனம் பார்த்து வாக்குக் கேட்பவர்கள் அங்கும் உண்டு. கரும்புக் கம்பெனி 2003-ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். விருந்து இலை வர்க்கப் பிரச்னையைத் தீர்த்துவிடாது. ஆனால் அந்தப் பிரச்னையைத் தீர்க்க வேண்டியவர்களை அது பிரிக்காமல் வைக்கிறது.

நம் ஆலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965-ல் சட்டமான போனஸ் தீபாவளியை ஒட்டி வருகிறது. அந்தோணியும் வாங்குகிறார், அப்துல்லாவும் வாங்குகிறார், ஆறுமுகமும் வாங்குகிறார். யார் பண்டிகை என்று கேட்டு எந்தச் சங்கமும் கோரிக்கை வைத்ததில்லை. வாசல் கூட்டத்தில் தோளோடு தோள் நின்றவனின் வீட்டுப் பலகாரம் மட்டும் நமக்கு ஆகாதா? 'ஆகாது' என்று சொல்பவன் யாருக்காகப் பேசுகிறான் என்பதை ஒவ்வொரு கிளையிலும் கேளுங்கள், தோழர்களே!