பஞ்சாங்கத்தில் ஒரு பெருவிரல்

1898இல் வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியில் இருந்த பணம் போயிருந்தது. பார்த்த சாட்சி யாருமில்லை; சந்தேகப்பட மட்டும் நிறையப் பேர். காகிதங்களுக்கிடையே நீல அட்டை போட்ட வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் மங்கலாக இரண்டு பழுப்புக் கறைகள் தெரிந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, அவற்றில் ஒன்று பெருவிரல் ரேகை.

அந்த ரேகை பேசியதற்குக் காரணம், முந்தைய ஆண்டே கல்கத்தாவில் விரல் ரேகைப் பணியகம் தொடங்கப்பட்டிருந்ததுதான். கருவில் இருக்கும்போதே உருவாகிவிடும் இந்த வரிகள் சாகும்வரை மாறுவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் வேறு வேறாகவே இருக்கும். இதெல்லாம் அப்போதே ஓரளவு தெரிந்த சேதி. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைத்தாள்கள் குவிந்துகிடக்க, பொய்ப்பெயர் சொல்லும் பழைய கைதியின் தாளை எப்படித் தேடி எடுப்பது?

அங்கே பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பில் அதற்கு ஓர் அழகான கணக்கு பிறந்தது. பத்து விரல்களையும் வலது பெருவிரலில் தொடங்கி ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு ஐந்து ஜோடிகளாகப் பிரித்து, ஜோடிகளுக்கு 16, 8, 4, 2, 1 என மதிப்பு கொடுத்தார்கள். ரேகை சுழியாக இருந்தால் (கைரேகை ஜோசியர் சக்கரம் என்பாரே, அதுதான்) அந்த விரலுக்கு அதன் மதிப்பு, இல்லையேல் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் கூட்டலோடு ஒன்று சேர்த்தால் மேல் எண், ஒற்றைப்படை விரல்களின் கூட்டலோடு ஒன்று சேர்த்தால் கீழ் எண். வலது கைப் பெருவிரலிலும் அதே கையின் மோதிர விரலிலும் மட்டும் சுழி உள்ளவர் 9/17. சுழியே இல்லாதவர் 1/1. மேலே 32, கீழே 32 வாய்ப்புகள். ஆக 1,024 அறைகள் கொண்ட அலமாரி போதும். கணினி இல்லாத காலத்தில் மனிதக் கைகளை இரும எண்களாக மாற்றிய வேலை இது. முறைக்கு நிலைத்த பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. அவர் 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அதை எடுத்துப் போனார். ஹக்குக்கும் போஸுக்கும் வெகுமதி வந்து சேர வெகுகாலம் ஆனது.

ஆனால் இந்த அலமாரிக்குப் பத்து விரலும் வேண்டும். பஞ்சாங்கத்தில் இருந்ததோ ஒன்று. எனவே வழக்கமான போலீஸ் விசாரணைதான் முதலில் கைகொடுத்தது. சந்தேகப்பட்டவர்களில் ஒருவன் மேலாளரின் பழைய வேலைக்காரன், காங்காலி சரண். முன்பு அவர் வீட்டிலேயே திருடிச் சிறை சென்றவன் என்பதால் அவனுடைய ரேகை பணியகத்தில் இருந்தது. அதன் வலது பெருவிரலோடு கறை பொருந்தியது.

குற்றவியல் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் தீர்ப்பு. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்தப் பஞ்சாங்கத்தை அவன் தொட்டான் என்பதை மட்டுமே ரேகை சொல்கிறது. கத்தி யார் கையில் இருந்தது என்று அதைக் கேட்க முடியாது. ஏமாற்றமான தீர்ப்பாகத் தோன்றலாம். எனக்கு அது தடயவியலின் ஆகச்சிறந்த முதல் பாடமாகப் படுகிறது. அடுத்த ஆண்டே இந்திய சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ரேகை நிபுணரின் கருத்துக்கு இடம் கிடைத்தது.

‘பொருந்துகிறது’ என்பதும் ஒரு மனிதர் பார்த்துச் சொல்வதுதான். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், டெட்டனேட்டர்கள் இருந்த பையில் கிடைத்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் கைதானார். பிறகு ஸ்பெயின் போலீஸ் அது ஓர் அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது. எங்கே சறுக்கினார்கள்? இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே மிக ஒத்திருந்தன. அதற்கு மேல், வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்த கண்கள், அதில் உள்ள நுணுக்கங்களை மங்கிய தடத்திலும் இருப்பதாகக் கண்டுகொண்டன. இப்போது எஃப்.பி.ஐ.யில், கிடைத்த தடத்தை முதலில் தனியே ஆராய்ந்து குறிப்பெழுதி முடித்த பிறகுதான் சந்தேக நபரின் ரேகைத்தாளைப் பார்க்க வேண்டும்.