மோதிரம் அணிந்த முருகன் நீந்துகிறான்

"பழைய சந்தையில் தேங்காய் உடைபடும் (6)." ஆறெழுத்து விடை கேட்கும் இந்தக் குறுக்கெழுத்துக் குறிப்பு, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கியவர்களுக்குப் புதிரே இல்லை. ராணுவத்தின் பராமரிப்பில் உள்ள கணபதி கோயில், ஓயாத சிதறுகாய்ச் சத்தம்: பழவங்காடி.

அங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே சங்குமுகம் கடற்கரை. பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் அங்கே போக, விமான நிலைய ஓடுபாதையையே மூடிவைக்கிறார்கள். "சாமி கடக்க விமானம் காத்திருக்கும் கரை (6)" என்று யாரும் எழுதக் காணோம். நம் வார இதழ்களின் குறுக்கெழுத்தில் இன்னும் "கடலின் வேறு பெயர்"தான். அது அகராதிப் பரீட்சை.

ஆங்கிலப் புதிரில் 'நீந்துபவர்' என்றால் பெரும்பாலும் மீன். நமக்கு அந்தக் கடன் வேண்டாம். நம் மீன் வானத்திலும் இருக்கிறதே! "அழகு போன கடலை உப்புக் கரிக்கும் (3)": ஐ என்றால் அழகு, கடலையிலிருந்து அதை எடுத்தால் கடல். "அமித வைராக்கியத்தின் நடுவே மிதப்பது (3)": உற்றுப் பாருங்கள், மிதவை உள்ளேயே ஒளிந்திருக்கிறது. சங்க காலத்தில் மிதவை என்பது கூழுக்கும் பெயர். அதை வைத்து இன்னொரு குறிப்பு எழுதலாம்.

எனக்குப் பிடித்தது இது: "மோதிரம் அணிந்த முருகன் பாக் நீரிணையில் போய்வந்தான் (7)." ஆழி மோதிரம், குமரன் முருகன். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் கோடியக்கரைக்கு நீந்திப்போய்த் திரும்பினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிரிழந்தார். 1994-இல் அதே கால்வாயைக் கடந்த சிறுவன் குற்றாலீஸ்வரனுக்கு எட்டுக் கட்டம்: "அருவிக்கரைச் சிவன்" போதும்.

கட்டம் கட்டுவதுதான் பெரும்பாடு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு 247. குறுக்கே 'கா' விழுந்தால் நெடுக்கிலும் 'கா'தான் வேண்டும், 'க' உதவாது. அதனால்தான் தமிழ்க் கட்டங்களில் கறுப்பு அதிகம். இருந்தும் அமெரிக்காவின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களைச் செய்து காட்டியிருக்கிறார்.

1930களில் ஆனந்த விகடன் நடத்தியது போன்ற குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டிகள் வேறு ரகம். அந்த வகைப் போட்டிகள் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று விடைகள் பொருந்தும். உறையில் முத்திரையிட்டு வைத்ததே சரியான விடை. ஆக, மூளையைவிட அதிர்ஷ்டம் முக்கியம். 1955-இன் பரிசுப் போட்டிச் சட்டம் மாதப் பரிசை 1,000 ரூபாய்க்குள் அடக்கியது. நல்ல புதிருக்குப் பரிசு எதற்கு, விடை ஒன்றே ஒன்றாக இருந்தால் போதாதா?

இதையும் போட்டுப் பாருங்கள்: "கண்ணும் தலையிழந்த நெஞ்சமும் சேர்ந்த துறைமுகம் (5)." விடைக்குக் கோவளம் தாண்டிப் போக வேண்டும்.