குடல் அழற்சியும் இரத்தசோகையும்: சாப்பாடு மட்டும் போதுமா?

 

"ஒழுங்காகச் சாப்பிட்டால் இரத்தம் தானாக ஊறும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, சுவரொட்டி என்று எல்லாம் கொடுத்தும் பிள்ளையின் முகம் வெளிறியே இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், சாப்பாட்டில் மட்டும் குறை தேடக்கூடாது. அதோடு வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், எடை குறைவு ஆகியவையும் இருந்தால் குடல் அழற்சி நோயா என்று பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் இதை 'ஐ.பி.டி.' என்பார்கள். பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' ஒரு வகை. உணவுப் பாதையில் எங்கும் வரக்கூடிய 'கிரோன்' நோய் இன்னொரு வகை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் இளவயதில் தொடங்குகிறது. இரத்தம் போவதை மூலம் என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்குகிறோம். கல்யாண வயதுப் பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். இப்படி மாதங்கள் கடந்தால் நோய் முற்றிவிடும்.

இரும்புச்சத்து ஏன் குறைகிறது?

முதல் காரணம், குடல் புண்ணிலிருந்து கசியும் இரத்தம். இரண்டாவது, வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பது. கிரோன் நோய் சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாக்கினால், இரும்பை உறிஞ்சும் இடமே பழுதாகிறது. மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது. உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் 'ஹெப்சிடின்' என்ற பொருளை அதிகமாகச் சுரக்கிறது. உணவிலுள்ள இரும்பு இரத்தத்தில் சேராமல் அது தடுத்துவிடுகிறது. உடலில் சேமித்த இரும்பும் வெளியே வருவதில்லை. ஆகவே முதலில் அழற்சி அடங்க வேண்டும். உணவு அதற்குத் துணை.

எந்தப் பரிசோதனை?

ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. இதோடு 'ஃபெரிட்டின்', 'சி.ஆர்.பி.' இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு. ஆனால் அழற்சி உள்ளவருக்கு ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும். அவருக்கு 100 வரை இருந்தாலும் இரும்புக் குறைவு இருக்கலாம். எனவே ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருப்பதைப் பார்த்து நாமே முடிவு செய்துவிடக்கூடாது.

என்ன சாப்பிடலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. இறைச்சி, ஈரல், சுவரொட்டி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பு, கீரை, பருப்பிலுள்ளதை விட எளிதில் உடலில் சேரும். நன்றாக வேகவைத்து, காரமும் எண்ணெயும் குறைத்துக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈரல் அடிக்கடி வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

பேரீச்சம்பழம் நல்ல உணவுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இரத்தசோகையைப் போக்க முடியாது. பருப்பு, கீரை சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். நோய் தீவிரமாக இருக்கும்போதும், குடல் சுருங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தாலும் நார் மிகுந்த கீரைத்தண்டு, முழுப்பயறு வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி குடிக்காதீர்கள். அவை இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

மாத்திரையா, ஊசியா?

நோய் அடங்கியிருந்து, இரத்தசோகை லேசாக இருந்தால் மாத்திரை போதும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். அளவைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறு. சேராமல் தங்கும் இரும்பு வயிற்றைப் புரட்டும். நோய் தீவிரமாக இருந்தாலோ, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ, மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ இரும்பை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு ஏற்றும் 'அயர்ன் சுக்ரோஸ்' இந்த வகைதான். பயப்பட வேண்டாம். ஆனால் மருத்துவமனையில் வைத்தே ஏற்ற வேண்டும்.

இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு. சிவப்பாக இரத்தம் போனாலோ, மாத்திரை போடாமலே தார் போலக் கறுத்துப் போனாலோ, தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ரமலானில்

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோய் தீவிரமாக இருக்கும்போது பிடிவாதமாக நோன்பு வைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரின் கருத்தைக் கேட்டு, களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் தெரிந்துகொள்ளுங்கள். நோய் அடங்கி நோன்பு வைப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளட்டும். இஃப்தார் முடிந்த கையோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடட்டும்.

எங்கே போவது?

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் முன்பு ராஜா முத்தையா என்று நாம் அழைத்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் முதலில் காட்டலாம். புதுச்சேரி ஜிப்மரில் குடல் நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் நோயைப் போலவே தோன்றும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அதனால் கொலனோஸ்கோபி செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

பிள்ளை சோர்ந்து படுத்தால் "சோம்பேறி" என்று சொல்லாமல், "மலத்தில் இரத்தம் போகிறதாம்மா?" என்று தாய்மார்கள் தனியாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பிள்ளையைச் சரியான சிகிச்சைக்குக் கொண்டுசேர்க்கலாம். பரிசோதனைக்கோ பயணத்துக்கோ வசதியில்லாதவர்கள் ரிப்போர்ட்டுகளுடன் நம் அறக்கட்டளையை அணுகலாம். உங்கள் விவரம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.