எண்பது வயதில் அப்பாவைப் பார்க்கப் போனவர்

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது அனௌகாக்குக்கு மூன்று வயது இருக்கும். மறுபடியும் பார்க்கக் கிளம்பியபோது வயது எண்பது! அப்பா இருந்தது நியூயார்க் நகரத்து மயானம் ஒன்றில், மண்ணுக்கடியில்.

அந்த அப்பா யார் தெரியுமா? மாத்யூ ஹென்சன் என்ற அமெரிக்கக் கறுப்பர். 1866-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, பன்னிரண்டாம் வயதில் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1887-ல் வாஷிங்டனில் ஒரு தொப்பிக் கடையில் குமாஸ்தாவாக இருந்தபோது, ராபர்ட் பியரி என்ற கடற்படை இஞ்சினீயர் அங்கே வந்தார். வெயில் தொப்பி வாங்கத்தான் வந்தார்! வெயிலுக்குத் தொப்பி தேடியவரும் அதை எடுத்துக் கொடுத்தவரும் பிற்பாடு வட துருவத்துக்குப் போனார்கள் என்றால் வேடிக்கையாக இல்லையா?

பியரிக்குப் பணியாளாகப் போன ஹென்சன், சில ஆண்டுகளில் அவருக்கு வலது கையாகிவிட்டார். நாம் பள்ளியில் 'எஸ்கிமோ' என்று படித்தோமே, அந்த இன்யூட் மக்களின் பாஷையை அவர்களைப் போலவே பேசினார். சறுக்கு வண்டி செய்தார். நாய்களைப் பூட்டி ஓட்டினார். பியரியோ உறைபனிக்குக் கால் விரல்களில் பெரும்பாலானவற்றைப் பறிகொடுத்தவர். 1909 ஏப்ரல் 6-ஆம் தேதி துருவத்தை அடைந்துவிட்டதாகப் பியரி அறிவித்த இடத்தில் நின்றவர்கள் ஆறு பேர்: அவர், ஹென்சன், நான்கு இன்யூட்டுகள். (அது துருவந்தானா, சில மைல் தள்ளியா என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் சண்டை போட்டார்கள். அது வேறு கதை.)

ஊர் திரும்பியதும் பியரிக்குப் பட்டமும் பதக்கமும் கிடைத்தன. ரியர் அட்மிரலாகவும் ஆனார். ஹென்சனுக்கு? நியூயார்க் சுங்க இலாகாவில், நம் ஊர்க் கச்சேரிப் பியூன் மாதிரி, கடிதம் கொண்டு போய்க் கொடுக்கும் உத்தியோகம். 1913 முதல் 1936 வரை அதைத்தான் பார்த்தார். 1955-ல் இறந்தார்.

கிரீன்லாந்தில், அகாடிங்வா என்ற இன்யூட் பெண்ணிடம் அவருக்கு 1906-ல் ஒரு மகன் பிறந்திருந்தான். அவன்தான் அனௌகாக். 1909-ல் கப்பலேறிய ஹென்சன் திரும்பி வரவே இல்லை. "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு என்ன துருவம் வேண்டியிருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கோ அப்பாவின் பெயர் கௌரவமாகவே இருந்தது. ஹென்சனை ஊரார் 'அன்பான மாத்யூ' என்ற பொருளில் தங்கள் பாஷையில் அழைத்தார்கள். வேட்டைக்காரர்கள் அவர் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்.

1986-ல் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் கௌண்டர் மோரியுசாக் என்ற பனிக் கிராமத்துக்குப் போய்க் கிழவரைக் கண்டுபிடித்தார். அவரும் கறுப்பர்தான். கிரீன்லாந்தில் பியரியின் மகன் காலியும் இருந்தார். அவரும் ஓர் இன்யூட் தாயின் பிள்ளை, அதே 1906-ல் பிறந்தவர். இருவரையும் 1987-ல் கௌண்டர் அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். அப்பாவின் கல்லறைக்கு முன்னால், பனியில் வேட்டையாடித் தழும்பேறிய அந்த எண்பது வயதுப் பிள்ளை போய் நின்றார்.

மாவீரர்களைப் புதைக்கும் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில், பியரிக்குப் பக்கத்தில் ஹென்சனுக்கும் இடம் வேண்டும் என்று கௌண்டர் மன்றாடினார். ஜனாதிபதி ரீகன் அனுமதி கொடுத்தார். 1988 ஏப்ரல் 6-ஆம் தேதி, துருவம் தொட்ட அதே நாளில், ராணுவ மரியாதையுடன் ஹென்சன் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். கிரீன்லாந்துக் குடும்பத்தார் வந்திருந்தார்கள்.

அனௌகாக் மட்டும் இல்லை. தகப்பனைப் பார்த்துவிட்டுப் பனி நாட்டுக்குத் திரும்பிய அவர், 1987-லேயே கண்ணை மூடிவிட்டார்.