கண்ணும் யந்திரமும் படிக்கும் பட்டா

அன்னூர் வட்டத்தில் தோட்டமோ காடோ வைத்திருக்கும் குடியானவர் ஒருவர், பயிர்க்கடன் பெறும் பொருட்டு இணையத்தின் வாயிலாகத் தம் பட்டாவை அச்செடுத்துக் கையில் கொள்ளும்போது, அந்த ஒரே காகிதம் இருவகை வாசகர்களுக்கென எழுதப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க அவருக்கு அவகாசம் இருப்பதில்லை. உரிமையாளர் பெயர், புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை ஆகியவை தமிழில் கட்டம் கட்டமாக நிற்பது மனிதக் கண்ணுக்காக. கறுப்பும் வெளுப்புமான சிறு சதுரங்கள் நிறைந்த க்யூஆர் குறியீடு யந்திரத்தின் கண்ணுக்காக.

1994ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா முதலானோர் மோட்டார் உதிரிபாகங்களை விரைந்து அடையாளங்காணும் நிமித்தம் வகுத்த இக்குறியீட்டின் மூன்று மூலைச் சதுரங்கள், காகிதம் எப்படித் திரும்பியிருந்தாலும் அதன் திசையை உணர்த்துகின்றன. உயர்ந்த திருத்தநிலையில் அச்சிட்டால், ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் செய்தியை மீட்டுவிடலாம்.

இவ்விரு வாசகர்களின் சுபாவமும் வேறு. மனிதன் அனுபவத்தால் இட்டு நிரப்பிப் படிக்கிறான். யந்திரமோ எழுதியதை எழுதியபடியே கொள்கிறது. பரப்புப் பத்தியில் ‘1 - 21.50’ என்றிருந்தால், ஒரு ஹெக்டேர் இருபத்தொன்றரை ஏர், அதாவது சுமார் மூன்று ஏக்கர் என்று விவரமறிந்தவர் சொல்லிவிடுவார். நடுவிலுள்ள கோட்டைக் கழித்தல் குறியாகக் கொள்ளும் நிரலுக்கோ விடை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். புல எண் 12, உட்பிரிவு 3 என்பதைப் பேச்சுவழக்கின்படி 12/3 என்று எக்செல் தாளில் தட்டினால், அது நிலத்தைக் கைவிட்டுத் தேதியாகிவிடுகிறது. பழனிசாமி, பழனிச்சாமி இருவரும் ஊருக்கு ஒருவரே. யந்திரத்துக்கோ வெவ்வேறு ஆட்கள்.

இத்தகைய மயக்கங்களைக் குறைக்க, காற்புள்ளியால் விவரங்களைப் பிரிக்கும் சிஎஸ்வி, 1998இல் தரமாக ஏற்கப்பெற்ற எக்ஸ்எம்எல், பின்னர் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய ஜேசான் ஆகிய எழுத்துவடிவங்கள் உதவுகின்றன. இவை யந்திரத்துக்குக் கறாராகவும், அவசியம் நேர்ந்தால் மனிதனும் படித்துத் தெளியும்படியும் அமைந்தமையே இவற்றின் சிறப்பு. பட்டாவும் புல எண்ணையும் உட்பிரிவையும் தனித்தனிப் பத்திகளில் வைத்து, இருவருக்கும் ஒருசேர உபகாரம் செய்கிறது.

ஆயினும் ஒரே வடிவம் எல்லா இடத்திலும் இருவரையும் திருப்தி செய்யும் என எதிர்பார்ப்பது விவேகமன்று. மூல விவரத்தை ஐயத்துக்கிடமின்றி ஓரிடத்தில் சேமித்து, அதிலிருந்தே மனிதனுக்கொரு பக்கத்தையும் யந்திரத்துக்கொரு வடிவத்தையும் பிறப்பிப்பதே சரியான மார்க்கம். அப்பொழுது, காகிதத்தில் எவரேனும் எண்ணைத் திருத்தியிருந்தாலும், பட்டாவில் அச்சாகியுள்ள குறிப்பு எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் மூலத்தோடு ஒப்பிட்டு உண்மையை நிச்சயித்துக்கொள்ளலாம். சரிபார்க்கும் சக்தியை யந்திரத்துக்கு அளிக்கும் அதே வேளையில், தம் நிலத்தின் கணக்கைப் பிறர் தயவின்றித் தாமே படித்தறியும் உரிமையைக் குடியானவரிடமிருந்து பறிக்காத மென்பொருளே நல்ல மென்பொருள்.